எடையோடு ஒரு மல்யுத்தம்!

நூறு கிராம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மளிகைக் கடையில் ‘சீரகம் நூறு குடுங்க’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் நீங்கள். தண்ணீராகச் சொன்னால் நூறு மில்லி. சின்ன டம்ளரில் ஒரு டம்ளர், அவ்வளவுதான். அந்த அளவு எடை கூடுதலாக இருந்தது என்பதற்காக ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய ஒலிம்பிக் பதக்கம் வராமலே போனது. 2024 ஆகஸ்ட் 7-ம் தேதி காலை, பாரிஸ் நகரத்தில்.

வினேஷ் போகத் என்ற பெயரைக் கேட்டதும் அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். டி.வி. முன்னால் உட்கார்ந்து கண் கலங்கியவர்கள் எத்தனையோ பேர். ‘மொட்டை அடிச்சிருந்தா நூறு கிராம் குறைஞ்சிருக்குமே’, ‘கொஞ்சம் ரத்தத்தை எடுத்துட்டிருக்கலாமே’ என்று அந்த வாரம் பூராவும் என் வைத்தியசாலை பெஞ்சிலும் இதே பேச்சுதான். ஆளாளுக்கு ஒரு யோசனை! ஆனால், ‘ஏன் டாக்டர், ராத்திரி முழுக்கத் தண்ணி குடிக்காம ஓடினா அந்தப் பொண்ணு உடம்பு என்னத்துக்கு ஆகும்?’ என்று ஒரே ஒரு அம்மாதான் கேட்டார்.

அந்த அம்மாவின் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. மல்யுத்தப் பிடிகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உடம்பைப் பற்றி ஓரளவு தெரியும். இந்தப் பெண்ணின் பத்து வருஷ சர்வதேசப் போட்டி வாழ்க்கையை ஒரு வைத்தியனின் கண்ணால் பார்க்கலாம், வாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன்.

பலாலி கிராமத்துப் பெண்

ஹரியானா மாநிலத்தில் சர்க்கி தாத்ரி பக்கம் பலாலி என்று ஒரு கிராமம். 1994 ஆகஸ்ட் 25-ம் தேதி அங்கே பிறந்தவர் வினேஷ். அப்பா ராஜ்பால் பஸ் டிரைவர். வினேஷுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில மாதங்களில் அம்மா பிரேம்லதாவுக்குப் புற்றுநோய், அதுவும் மூன்றாம் கட்டம். கையில் சின்னக் குழந்தைகள். அந்த அம்மா பிழைத்து எழுந்து பிள்ளைகளை ஆளாக்கினார் என்பதே தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டிய விஷயம்.

பெரியப்பா மகாவீர் சிங் போகத்தான் வினேஷுக்குக் குரு. ‘தங்கல்’ என்ற இந்திப் படம் 2016-ல் வந்ததே, அமீர்கான் நடித்தது, அதில் வரும் அப்பா இவர்தான். படத்தில் வரும் கீதாவும் பபிதாவும் வினேஷுக்குப் பெரியப்பா மகள்கள். பெண் பிள்ளைகளை மண் களத்தில் இறக்கிவிட்டதற்கு அந்த ஊரில் கிடைத்த ஏச்சையும் பேச்சையும் படத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

சின்ன வயதில் தனக்கு ஒலிம்பிக் என்றால் என்னவென்றே தெரியாது, நீளமாக முடி வளர்க்க வேண்டும், கையில் செல்போன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசையாக இருந்தது என்று வினேஷே பின்னால் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்த முடி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்யுத்தத்தில் ஒலிம்பிக்கில் இரண்டு வகை. ஒன்று கிரேக்க ரோமானிய முறை. அதில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. இன்னொன்று ஃப்ரீஸ்டைல். காலைப் பிடிக்கலாம், வாரலாம், தூக்கிப் போடலாம். பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் மட்டும்தான், அதுவும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலிருந்துதான். மூன்று நிமிடம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். ஆறே நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். மாடிப்படியில் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு ஆறு நிமிடம் ஏறி இறங்கிப் பாருங்கள், அந்த மூட்டை உங்களைத் திருப்பித் தள்ளவும் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம். வயது 19. அதே வருஷம் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெண்கலம். அடுத்த வருஷம் தோஹாவில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. எல்லாரும் ரியோ ஒலிம்பிக்கை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் பலரும் மறந்துபோன ஒரு சம்பவம் உண்டு. 2016 ஏப்ரலில் மங்கோலியாவில் ரியோவுக்கான தகுதிப் போட்டி. எடை பார்க்கும்போது வினேஷ் 400 கிராம் கூடுதல். போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே துருக்கியில் இஸ்தான்புல் நகரத்தில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில் ஜெயித்து ரியோவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார், அது வேறு விஷயம். பாரிஸில் நடந்தது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த இடி இல்லை என்பதற்காகச் சொன்னேன். எடைத் தட்டோடு அந்தப் பெண்ணுக்குப் பல வருஷமாகவே மல்லுக்கட்டுதான்.

முழங்கால் சொன்ன கதை

2016 ஆகஸ்ட் 17. ரியோ. முதல் சுற்றில் ருமேனியா நாட்டுப் பெண்ணை 11-0 என்று ஒன்றுமில்லாமல் செய்துவிட்டு, கால் இறுதியில் சீனாவின் சுன் யானானோடு மோதினார் வினேஷ். ஒரு பிடியில் முழங்கால் மடங்கித் திரும்பியது. அலறல். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே நாள் இரவு சாக்ஷி மாலிக் வெண்கலம் வாங்கி, ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார். ஒரே நாளில் இரண்டும்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொடை எலும்பு, கால் எலும்பு இரண்டையும் மூட்டுக்கு உள்ளே பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. லிகமெண்ட் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் முன்பக்கத்து நார்தான் கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் சுழலாமலும் பிடித்து நிறுத்துவது. பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் ‘டப்’பென்று அறுவது பெரும்பாலும் இந்த நார்தான். ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகமாக அறுகிறது. இடுப்பு அகலம், தொடையின் பின்பக்கத் தசை வலு குறைவாக இருப்பது, குதித்து இறங்கும் விதம் என்று இதற்குப் பல காரணங்கள்.

உங்கள் பெண் கபடி ஆடுகிறாளோ, கோ-கோ ஆடுகிறாளோ, முழங்கால் திரும்பி ‘டப்’பென்று சத்தம் கேட்டு, ஒரு மணி நேரத்துக்குள் புசுபுசுவென்று வீங்கினால் தயவுசெய்து சூடாக எண்ணெய் தடவி நீவி விடாதீர்கள். ஒரு சித்த வைத்தியனே இப்படிச் சொல்கிறானே என்று பார்க்கிறீர்களா? தொக்கணம் என்று மர்த்தன சிகிச்சை எங்கள் முறையில் உண்டு. நானும் செய்கிறேன். அதற்குக் காலம் இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது நீவினால் வீக்கம்தான் கூடும். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்து ஓய்வு, துணிக் கட்டு, எலும்பு டாக்டரிடம் ஸ்கேன். முழுசாக அறுந்த நார் எண்ணெயாலும் ஒட்டாது, பற்றாலும் ஒட்டாது. விளையாட்டுக்குத் திரும்ப வேண்டுமானால், பெரும்பாலும் அதே காலிலிருந்து இன்னொரு நாரை எடுத்து அந்த இடத்தில் வைத்து ஆபரேஷன் செய்வார்கள். அதன்பின் ஆடுகளத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். தசையைத் தேற்றுவது, வலியைத் தணிப்பது, நடையைச் சரிசெய்வது என்று அந்த ஒன்பது மாதத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்கும் பிசியோதெரபிக்காரர்களுக்கும் வேலை.

ரியோவில் ஸ்ட்ரெச்சரில் போன வினேஷ் 2017-ல் டெல்லியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். எந்த எடைப் பிரிவில் தெரியுமா? 55 கிலோ. ஓய்வில் இருந்த உடம்பு தன் இயல்பான எடையைத் தேடிப் போயிருந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

2018-ல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் 50 கிலோவில் தங்கம். ஆகஸ்ட்டில் ஜகார்த்தா ஆசியப் போட்டி. முதல் சுற்றிலேயே எதிரில் வந்து நின்றவர் யார்? ரியோவில் மோதிய அதே சுன் யானான்! 8-2 என்று ஜெயித்தார். இறுதியில் ஜப்பானின் யுகி இரியேவை 6-2. ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை என்ற பெயர் வந்தது. அந்த டிசம்பரில் மல்யுத்த வீரர் சோம்வீர் ராட்டியோடு கல்யாணம்.

2019-ல் 53 கிலோவுக்கு மாறினார். கஜகஸ்தானில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், கூடவே டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி. 2021-ல் ஆசிய சாம்பியன். ஆனால் டோக்கியோவில் கால் இறுதியில் பெலாரஸ் பெண்ணிடம் தோல்வி. 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் மூன்றாவது தடவையாகத் தங்கம், பெல்கிரேடில் உலக சாம்பியன்ஷிப்பில் மறுபடியும் வெண்கலம். உலகப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கிய இந்தியப் பெண் அதுவரை யாரும் கிடையாது.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்லக் காரணம், 53 கிலோ அந்த உடம்புக்கு ஒத்துவந்தது என்பதைக் காட்டத்தான்.

மூன்று கிலோ எங்கே போகும்?

2023-ல் வினேஷ் பெரும்பாலும் களத்தில் இல்லை, டெல்லி ஜந்தர் மந்தர் தெருவில் இருந்தார். மல்யுத்த சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் மீது வீராங்கனைகள் சொன்ன பாலியல் புகாருக்கு நடவடிக்கை கேட்டு, சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோரோடு உட்கார்ந்த போராட்டம் அது. அந்த ஆகஸ்ட்டில் பயிற்சியின்போது இடது முழங்காலில் முன் நார் அறுந்தது. மும்பையில் ஆபரேஷன். ஆசியப் போட்டி போச்சு. அதற்குள் 53 கிலோவில் ஒலிம்பிக் இடத்தை அந்திம் பங்கால் என்ற இளம் பெண் உலக சாம்பியன்ஷிப்பில் வென்று வாங்கிவிட்டார்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆறே பிரிவு: 50, 53, 57, 62, 68, 76. ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒருவர்தான். 53 அடைத்துவிட்டதால் மேலே 57-க்குப் போகலாம், அல்லது கீழே 50-க்கு இறங்கலாம். மேலே போனால் எலும்பு பெருத்த, உயரமான பெண்களோடு மோத வேண்டும். வினேஷ் கீழே இறங்கினார். 2024 பிப்ரவரியில் தேசியப் போட்டியில் 55 கிலோவில் தங்கம் வாங்கியவர், மார்ச் மாதத் தேர்வில் 50 கிலோவில் நின்றார். ஏப்ரலில் பிஷ்கெக்கில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். ஆபரேஷன் முடிந்து எட்டே மாதம்!

வழக்கமாக ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கும், கொழுப்பே இல்லாத, தசை முறுக்கேறிய உடம்பு. அதிலிருந்து ஐந்து கிலோவை எங்கிருந்து எடுப்பது? சித்த மருத்துவத்தில் உடலை ஏழு தாதுக்களாகச் சொல்வோம். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, ஏழாவதாகச் சுக்கிலம், பெண்களுக்குச் சுரோணிதம். கொழுப்பு கரைய வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். ஒரே ராத்திரியில் குறைகிற எடை கொழுப்பாக இருக்கவே முடியாது. முதல் இரண்டு தாதுவிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுக்கிறோம் என்று அர்த்தம். சாரமும் செந்நீரும் வற்றினால் மிச்ச ஐந்துக்கும் ஊட்டம் எப்படிப் போகும்?

அந்த ஒரு ராத்திரி

ஆகஸ்ட் 6 காலை எடை பார்த்தபோது 49.9 கிலோ. பிரமாதம். அன்றைக்கே மூன்று மோதல். முதலில் ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோ தங்க மங்கை. சர்வதேசப் போட்டிகளில் அதுவரை 82 மோதலில் ஒன்றில்கூடத் தோற்காதவர். அவரை, 0-2 என்று பின்தங்கியிருந்த நிலையில், கடைசி விநாடிகளில் சாய்த்து 3-2 என்று ஜெயித்தார் வினேஷ். அடேயப்பா! அந்தக் காட்சியை எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் பார்க்கலாம். அடுத்து உக்ரைன் பெண்ணோடு 7-5. அரை இறுதியில் கியூபாவின் குஸ்மானை 5-0. ஒலிம்பிக் இறுதிக்கு வந்த முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை. வெள்ளிப் பதக்கம் நிச்சயம், தங்கத்துக்குத்தான் மறுநாள் போட்டி என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனோம்.

அந்தப் பெண் தூங்கவில்லை.

2018-லிருந்து ஒரு விதி. ஒரு பிரிவின் போட்டி இரண்டு நாள் நடக்கும். இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். மோதல்களுக்கு நடுவே சக்திக்காகச் சாப்பிட்டதும் குடித்ததும் சேர்ந்து இரவு எடை 52.7 கிலோ. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பல நாள் காய்ந்து கிடந்த உடம்பு, ஒரு வாய் தண்ணீர் கிடைத்தால் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ‘இனிமே எப்ப கிடைக்குமோ’ என்ற பயம் உடம்புக்கும் உண்டு. நீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும் சுரப்பு அப்போது கூடிவிடும். சாப்பிட்ட மாவுச் சத்து தசையில் போய்ச் சேரும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உப்பு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இயல்பாகவே நீர் கோத்துக்கொள்ளும், உங்களுக்கே தெரியும், மோதிரம் இறுகும், ரவிக்கை பிடிக்கும். வினேஷ் தரப்பில் பின்னால் விளையாட்டு நடுவர் மன்றத்தில் வைத்த வாதத்தில் இதுவும் ஒன்று.

அவருடைய ஹங்கேரி நாட்டுப் பயிற்சியாளர் வோலர் அகோஸ் அந்த இரவைப் பற்றிப் பின்னால் எழுதினார். ஒரு மணி இருபது நிமிடம் உடற்பயிற்சி, அதற்கப்புறமும் ஒன்றரை கிலோ பாக்கி. பிறகு நீராவி அறை மாதிரி சூடேற்றிய சவுனாவில் ஐம்பது நிமிடம். ஒரு சொட்டு வியர்வை வரவில்லையாம்!

இந்த இடத்தில்தான் எனக்குப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. வேது பிடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். ஐம்பது நிமிடம் சூட்டில் உட்கார்ந்தும் வியர்வை வரவில்லை என்றால் உடம்பு கதவைச் சாத்திவிட்டது என்று பொருள். வியர்வை என்பது உடம்பின் சூட்டைத் தணிக்கும் வழி. அது நின்றுபோய், வெளியிலும் சூடு என்றால் உள்ளே பித்தம் கொதித்து ஏறும். இங்கிலீஷ் வைத்தியத்தில் சொன்னால் ரத்தத்தின் நீர்ப் பகுதி குறைந்து, ரத்தம் கெட்டியாகி, இதயம் வேகவேகமாக அடிக்க ஆரம்பிக்கும். சோடியம், பொட்டாசியம் உப்புகளின் கணக்கு தப்பினால் இதயத் துடிப்பின் தாளமே தவறும். சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும்.

நடு இரவிலிருந்து அதிகாலை ஐந்தரை மணி வரை விதவிதமான இயந்திரங்களில் ஓட்டம், நடுநடுவே மல்யுத்த அசைவுகள். முக்கால் மணி நேரம் ஓடினால் இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வு. நடுவில் சுருண்டு விழுந்தார். எழுப்பினார்கள். மறுபடி ஓட்டம். அவள் செத்துப்போய்விடுவாளோ என்று பயந்தேன் என்று அந்தப் பயிற்சியாளரே எழுதியிருந்தார். கடைசியில் முடியையும் வெட்டினார்கள். உடையையும் கத்தரித்துச் சின்னதாக்கினார்கள். நீளமாக முடி வளர்க்க ஆசைப்பட்ட பெண் என்று மேலே சொன்னேனே!

2.7 கிலோவில் 2.6 கிலோ போய்விட்டது. நூறு கிராம் மட்டும் போகவில்லை. உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒரே இரவில்! அறுபது கிலோ இருக்கும் ஒரு அம்மா மூன்று கிலோ தண்ணீரை ராத்திரி முழுக்க ஓடி வெளியேற்றுவதற்குச் சமம். நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலே கை கால் வேகம் தடுமாற ஆரம்பிக்கும். ஒருவேளை அந்த நூறு கிராமும் இறங்கியிருந்தால் அந்த நிலைமையில் போய் அவர் மோத வேண்டியிருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்குப் பதக்கம் ஞாபகத்துக்கு வரவில்லை.

தடுக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சித்த மருத்துவம் சொல்கிறது. பசி, நீர்வேட்கை, நித்திரை மூன்றும் அதில் உண்டு. அந்த ராத்திரியில் மூன்றையும் சேர்த்தே அடக்கினார்கள். காலையில் மயங்கிய நிலையில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார்கள். விதிப்படி இரண்டாம் நாள் எடை தவறினால் முதல் நாள் வெற்றியும் சேர்ந்து போய்விடும், கடைசி இடம்தான். வெள்ளியாவது கொடுங்கள் என்று போட்ட வழக்கு ஆகஸ்ட் 14-ல் தள்ளுபடி. தண்டனை மிகக் கடுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி விதிதான் என்கிற மாதிரி தீர்ப்பு. அதற்கு முன்பே, ஆகஸ்ட் 8-ம் தேதி, தன் அம்மாவை விளித்து, மல்யுத்தம் ஜெயித்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன் என்று எழுதி ஓய்வை அறிவித்திருந்தார் வினேஷ்.

அந்த விதி தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் போட்டிக்கு முதல் நாள் மாலையே எடை பார்த்துவிடுவார்கள். காய்ந்து போய் எடை காட்டிவிட்டு, ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு, மறுநாள் சின்ன உடம்புக்காரியை நசுக்கலாம். அதைத் தடுக்க வந்த விதி இது. வந்த பின்பும் பழக்கம் மாறவில்லையே, அதுதான் வருத்தம். பாரிஸிலேயே 57 கிலோவில் வெண்கலம் வாங்கிய அமன் ஷெராவத் ஒரே இரவில் 4.6 கிலோ குறைத்தார். கைதட்டினோம். 2025 உலக சாம்பியன்ஷிப்பில் அவரே 1.7 கிலோ கூடுதல் என்று நீக்கப்பட்டார்.

அமெரிக்காவில் 1997-ல் சில வார இடைவெளியில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தே போனார்கள். ரப்பர் உடை போட்டுக்கொண்டு சூடான அறையில் உடற்பயிற்சி செய்தவர்கள். அதற்கப்புறம் அங்கே கல்லூரிப் போட்டிகளில் எடைக்காக ரப்பர் உடை, சவுனா எல்லாம் தடை. சிறுநீரைச் சோதித்து, உடம்பில் போதுமான நீர் இருக்கும்போது எடை எவ்வளவோ அதை வைத்துத்தான் எந்தப் பிரிவுக்கு இறங்கலாம் என்று முடிவு. நீர் வற்றிய உடம்போடு வந்தால் அந்த எடை செல்லாது. சர்வதேசப் போட்டிகளிலும் இப்படி வைத்தால் என்ன? ஒரு சின்னக் குப்பிதானே!

உங்கள் வீட்டுக்கும் உண்டு

‘நம்ம வீட்ல யாரு சார் மல்யுத்தம் பண்றா?’ என்கிறீர்களா? கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். “டாக்டர், ஜாக்கெட் தைச்சாச்சு, ஒரு சுத்து குறையணும். பேதிக்கு ஏதாச்சும் குடுத்துடுங்களேன்.” சித்த வைத்தியன் என்றால் பேதி மருந்து கொடுப்பான் என்று ஒரு நம்பிக்கை! பேதிக்குக் கொடுத்தால் இரண்டு கிலோ குறையும், வாஸ்தவம். அது பூராவும் தண்ணீரும் உப்பும். இரண்டே நாளில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கல்யாணப் பெண் மணமேடையில் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? எங்கள் முறையில் பேதி என்பது நோய்க்குத் தகுந்தபடி, நாள் பார்த்து, பத்தியத்தோடு கொடுப்பது. எடைத் தட்டுக்காகக் கொடுப்பதில்லை.

இன்னொரு அம்மா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணோடு வந்தார். பெண் ஜூடோ ஆடுகிறாள். போட்டிக்கு மூன்று நாள் முன்பிருந்தே சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, மழை கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட்டம். ‘கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது’ என்றுதான் அழைத்து வந்தார். கால்வலிக்குத் தைலம் கேட்டார்கள். நான் விசாரித்ததில் ஐந்து மாதமாக மாதவிலக்கே வரவில்லை. “ஏம்மா, சொல்லவே இல்லையே?” என்றேன். “விளையாடுற பொண்ணுன்னா அப்படித்தான் டாக்டர்னு சொன்னாங்க” என்றார்.

யார் சொன்னது? செலவழிக்கிற சக்திக்குத் தகுந்த சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துகிற வேலை இதுதான். மாதவிலக்கு நின்றால் எலும்புக்குச் சேர வேண்டிய பலம் சேராது. பதின்வயதில் சேர்க்காத எலும்பு பலத்தைப் பின்னால் எந்தக் கஷாயத்தாலும் சேர்க்க முடியாது. விளையாடுகிற பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அந்தப் பெண்ணை ஒரு பிரிவு மேலே ஆடச் சொல்லிப் பயிற்சியாளருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதலில் அவர் கோபித்துக்கொண்டார் என்று கேள்வி. இப்போது அந்தப் பெண் மேல் பிரிவில்தான் ஆடுகிறாள், விலக்கும் ஒழுங்காகிவிட்டது.

வளர்கிற பெண்ணின் எடையைக் குறைக்க வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருந்தால், டாக்டர் பார்வையில், வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு, மைதா குறையட்டும். பருப்பு, முட்டை, சுண்டல், கீரை குறையக் கூடாது. கொள்ளு ரசம் தாராளமாக வைக்கலாம். ஆனால் ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று அதை மட்டுமே குடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது. தண்ணீரில் மட்டும் கை வைக்கவே வைக்காதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா, கடுகெண்ணெய் மாதிரி அடர்ந்திருக்கிறதா என்று அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த இயந்திரமும் இல்லாத சோதனை இது. எழுந்தவுடன் தலை சுற்றல், நாக்கு வறட்சி, படபடப்பு, கெண்டைக்கால் இழுப்பு வந்தால் பயிற்சியை நிறுத்தி, உட்கார வைத்து, மோரில் உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நீராகாரமும் நல்லது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டையும் தலை தட்டி அளந்து கலந்தாலும் போதும். குழப்பமாகப் பேசினாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், வீட்டில் எடைத் தட்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வருவது சகஜம். அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

வினேஷ் கதைக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் ஜுலானா தொகுதியில் ஜெயித்து ஹரியானா சட்டசபைக்குப் போனார். 2025 ஜூலையில் ஆண் குழந்தை பிறந்தது. அந்த டிசம்பரில், ஓய்வை முறித்துக்கொள்கிறேன், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்தான் குறி என்று அறிவித்தார். ‘பிள்ளை பெத்தவ மல்யுத்தமா?’ என்று கேட்காதீர்கள். தாராளமாக முடியும். பிரசவத்துக்குப் பின் சில மாதம் மூட்டு நார்கள் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும். இரண்டு முழங்காலிலும் அடிபட்டவர் என்பதால் தொடைத் தசையை நிதானமாகத் தேற்ற வேண்டும். அடிவயிற்றுத் தசையும் இடுப்புத் தளத் தசையும் பழைய கட்டுக்கு வர வேண்டும். பால் கொடுக்கிற காலம் மட்டும் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கவே கூடாது. பால் பெரும்பாலும் தண்ணீர்தானே.

எந்த எடைப் பிரிவு என்பதுதான் கேள்வி. என்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் 57 என்பேன். எதிரில் நிற்கிறவள் ஒரு சாண் உயரமாக இருப்பாள். இருக்கட்டும். முதல் நாள் ராத்திரி சோறு சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வந்து அவளோடு மோதலாம்.